ஸ்பீக்கர் சொன்ன சேதி

வெம்பக்கோட்டையில் அந்த வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் கால் வைத்தால் போதும், இளையராஜாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார். வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் 'போர்மேன் அண்ணாச்சி'.

முப்பத்தைந்து வருஷ உழைப்பில் என்ன சேர்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "ஒரு வீடு, ஒரு மக கல்யாணம், இருநூத்திச் சொச்சம் ரெக்கார்டு" என்பார். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். பக்கத்தில் மனைவி இருப்பார்.

வேலையில் இருந்த காலத்தில் ரெக்கார்டுகளை வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்தாரே தவிர, உட்கார்ந்து கேட்க நேரம் வாய்த்ததில்லை. ஓய்வுப் பணம் வந்ததும் முதல் வேலையாக ஒரு ரெக்கார்டு பிளேயர், நல்ல ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கினார். டி.வி. சத்தமும் அதிலேயே கேட்கட்டும் என்று கேபிள் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர.

பாட்டு தொடங்குவதற்கு முன்பு, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில், 'ம்ம்ம்ம்...' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். சத்தத்தைக் கூட்டினால் முனகலும் கூடும். வயலின் மெதுவாக இறங்கி மௌனமாகிற இடத்தில், மௌனம் வராது. முனகல்தான் வரும்.

"அது பாட்டுக்கு அது கத்துது, நீங்க பாட்டுக்கு நீங்க கேளுங்க" என்றார் மனைவி. அண்ணாச்சியால் முடியவில்லை. முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து கேட்க உட்கார்ந்தவர் அவர்.

ஜப்பானில் ஒரு மின்கம்பம்

முதலில் ஆம்ப்ளிஃபயர் மீது சந்தேகம் வந்தது. கடைக்காரர் தன் கடையில் போட்டுக் காட்டினார். அங்கே சத்தமே இல்லை. அடுத்து ஸ்டெபிலைசர் வாங்கினார். முனகல் போகவில்லை. மொபைலில் தேடிப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு மின்கேபிள் வரவழைத்தார். அதன் விலையை வீட்டில் பாதியாகச் சொன்னார். அந்தப் பாதிக்கே ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. கேபிள் பார்க்க அழகாக இருந்தது. முனகல் அப்படியேதான் இருந்தது.

இசைப் பைத்தியம் பிடித்தவர்கள் கரன்ட்டின் பின்னால் அலைவது வெம்பக்கோட்டையில் மட்டும் நடக்கிற கதையல்ல. தெருவில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் மின்சாரம் 'சுத்தமாக' இல்லை என்று, ஜப்பானில் ஒரு முதியவர் தன் வீட்டு ஆடியோ சிஸ்டத்துக்காகவே வாசலில் தனியாக ஒரு மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் நட்டுக்கொண்டார். 2016-ல் அது உலகம் முழுக்கச் செய்தியானது. அதைப் படித்த அண்ணாச்சி, "நாம பரவாயில்லை" என்று மனைவியிடம் மொபைலைக் காட்டினார். மனைவி மொபைலைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்.

முனகல் எங்கிருந்துதான் வருகிறது? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த ஆட்டம் ஏதோ ஒரு வழியில் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்துவிட்டால், அது நம் காதுக்குக் கேட்கிற தாழ்ந்த சுருதியாகிவிடும். 'ம்ம்ம்' என்று உருண்டு வந்தால் பெரும்பாலும் 50. கொஞ்சம் கரகரப்பாக 'ர்ர்ர்' என்று வந்தால் அதன் மடங்குகளான 100-ம் அதற்கு மேலும்.

நுழைய எவ்வளவு வேண்டும் என்பதுதான் ஆச்சரியம். ரெக்கார்டு பிளேயரின் முள்ளில் இருந்து கிளம்பும் சிக்னல் சுமார் 5 மில்லிவோல்ட். சுவரில் இருக்கும் 230 வோல்ட்டோடு ஒப்பிட்டால் 46 ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சிட்டிகை மின்சாரத்தைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கி அறை முழுக்க நிறைக்கிறது. அதன் பக்கத்தில் சுவர் மின்சாரத்தின் ஒரு துளி சிந்தினாலும், அதையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு எது, கசிவு எது என்று தெரியாது.

"ஃப்ரிட்ஜ் ஓடும்போது கூடுதா மாமா?"

கடைசியில் வந்தது தங்கை மகன். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன். சுற்றுவட்டாரப் பட்டாசு ஆலைகளுக்கு இடிதாங்கி வைப்பது, அதற்கு எர்த் குழி போடுவது, வருஷா வருஷம் அதைச் சோதித்துக் கொடுப்பதுதான் அவனுக்கு வேலை. தாய்மாமா வீட்டுக்குக் கறிச்சோறு சாப்பிட வந்தவன், கை கழுவிவிட்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தான்.

பாட்டை நிறுத்தச் சொன்னான். முனகலை மட்டும் ஐந்து நிமிஷம் கேட்டான். திடீரென்று அது ஒரு சுருதி உரத்தது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிச்சா இது கூடுதா?"

அண்ணாச்சி யோசித்தார். ஒன்றரை வருஷமாகக் கேட்கிறார், இதைக் கவனித்ததில்லை. ஆமாம், கூடுகிறது. தண்ணி மோட்டார் போட்டால் இன்னும் கூடுகிறது.

அடுத்து, டி.வி. கேபிளைப் பெட்டியில் இருந்து உருவச் சொன்னான். முனகல் சட்டென்று பாதியாகக் குறைந்தது. திரும்பச் செருகினால் பழையபடி வந்தது.

மல்டிமீட்டரை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருந்த பிளக் பாயின்ட்டில் வைத்தான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி இருந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் அதேதான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பூஜ்யம்.

"பூஜ்யம்னா நல்லதுதானே?" என்றார் அண்ணாச்சி.

"நல்லதுன்னுதான் எல்லாரும் நினைப்பாக. ஆனா ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஒரு வோல்ட்டோ ரெண்டு வோல்ட்டோ காட்டணும் மாமா. அசையவே மாட்டேங்குதே... அதான் சந்தேகமா இருக்கு."

மெயினை ஆஃப் செய்துவிட்டு ஸ்விட்ச் போர்டைக் கழற்றினான். மூன்று துளை பாயின்ட்டின் பின்னால், எர்த் ஸ்க்ரூவில் இருந்து ஒரு விரல் நீளத்துக்குச் சின்ன வயர். அது குழிக்குப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்த நியூட்ரல் ஸ்க்ரூவில் போய் முடிந்திருந்தது.

அடுத்த போர்டைக் கழற்றினான். அங்கேயும் அப்படியே. குளியலறைச் சுவருக்கு வெளியே வாஷிங் மெஷினுக்காக வைத்திருந்த பாயின்ட்டில் அந்தச் சின்ன வயர்கூட இல்லை. மேல் துளை வெறும் துளை. அதன் பின்னால் ஒன்றுமே இல்லை.

"எர்த் குழி எங்க மாமா?"

வீடு கட்டி பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார்கள். மாதுளைச் செடி இருந்தது, துவைக்கிற கல் இருந்தது, செப்டிக் டேங்க் மூடி இருந்தது. எர்த் குழி இல்லை. வயரிங் செய்தவர் மிச்சம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்.

அந்தச் சின்ன வயர் என்ன செய்யும்?

பாயின்ட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டால், சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். டெஸ்ட் பல்பு எரியும். மீட்டர் 230 காட்டும். வீட்டுக்காரர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிடுவார். ஆனால் எர்த் என்பது கரன்ட் ஓடாத வயர். ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் அதில் ஓட வேண்டும். நியூட்ரலில் எப்போதும் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஓடும்போது அந்த வயரின் நீளத்தில் சில வோல்ட் விழும். அந்தச் சில வோல்ட் ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்புக்கு வந்துவிடும்.

இன்னொரு பக்கம், டி.வி. கேபிளின் மேலுறையில் இருக்கும் கம்பிவலை தெருக்கோடியில் வேறெங்கோ பூமியில் இறங்கியிருக்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம். பாலமாக இருப்பதோ, கேபிள் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் மெல்லிய ஆடியோ வயர். அதன் வழியே கரன்ட் ஓடுகிறது. அதுதான் பாட்டோடு கலந்து முனகுகிறது. 'கிரவுண்ட் லூப்' என்று ஆடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஏன் உரத்தது, கேபிளை உருவியதும் ஏன் குறைந்தது என்கிற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த விரல் நீள வயரில் இருந்தது.

"இது பாட்டுல கேக்குறதோட போயிருந்தாப் பரவாயில்லை மாமா" என்றான் மருமகன். "காத்து மழையில கம்பத்துல நியூட்ரல் வயர் மட்டும் அத்துக்கிட்டு விழுந்துச்சுன்னு வைங்க. வீட்டுல ஒரே ஒரு ஃபேன் ஓடிக்கிட்டிருந்தாலும் போதும். அது வழியா வந்த கரன்ட், இந்தச் சின்ன வயர் வழியா ஆம்ப்ளிஃபயர் மேல முழு 230-ஆ நிக்கும். ஃப்ரிட்ஜ் கதவுலயும் நிக்கும். ஃபியூஸும் போகாது, எம்.சி.பி.யும் விழாது."

அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார். சத்தம் கூட்டுகிற திருகு பளபளக்கும் அலுமினியம். பரீட்சை லீவுக்கு வரும் பேத்திக்கு அதைத் திருகுவதுதான் விளையாட்டு.

தொடுவதற்கு ஒரு தகடு

அதுவரை கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் பேசினார்.

"நாலு வருஷமாச் சொல்லுறேன்... வாஷிங் மெஷினைத் தொட்டா சுர்ருங்குதுன்னு. செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடுன்னு சொன்னீக. இன்னைக்கு உங்க ஸ்பீக்கர் சொன்னதும் வீட்டையே பிரிச்சுப் பாக்குறீக."

அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்பீக்கர் ஆஃப் ஆகியிருந்ததால் அதுவும் சொல்லவில்லை.

அவர் விடவில்லை. "பயர் ஆபீஸ்ல வாசல் தகட்டைத் தொடாம ஒரு பிள்ளை உள்ள போனா என்ன திட்டுத் திட்டுவீக? நானே வாங்கியிருக்கேன். இங்க நான் எதைத் தொடணும்? அதைச் சொல்லுங்க."

அந்தத் தகட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பட்டாசு ஆலையில் மருந்து அறையின் வாசலில் ஒரு செப்புத் தகடு இருக்கும். அதில் இருந்து ஒரு கம்பி நேராக மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போகிறவர் வெறும் கையால் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நடக்கும்போது, துணி உரசும்போது, நம் உடம்பில் நிலைமின்சாரம் சேர்கிறது. சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரல் நுனியில் 'சுருக்' என்று நமக்கே தெரியும். ஆளுக்கு அது ஒன்றும் செய்யாது. அலுமினியப் பவுடரும் மற்ற மருந்தும் கலந்து கிடக்கிற அறையில் அந்தச் சின்னப் பொறி என்ன செய்யும் என்பது இந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் அங்கே பருத்தி உடை. அதனால்தான் தகடு. உடம்பில் சேர்ந்திருப்பது வாசலிலேயே மண்ணுக்குப் போய்விடட்டும் என்ற ஏற்பாடு.

அண்ணாச்சி முப்பத்தைந்து வருஷத்தில் அந்தத் தகட்டை எத்தனை ஆயிரம் முறை தொட்டிருப்பார்! புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். "மண்ணைத் தொட்டுட்டு உள்ள போ" என்பார். அப்படிப்பட்டவர் பதினெட்டு வருஷமாக மண்ணோடு தொடர்பே இல்லாத ஒரு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்.

வாஷிங் மெஷினில் 'சுர்' அடித்ததற்கும் மருமகன் காரணம் சொன்னான். இப்போது வரும் மெஷின்கள், கம்ப்யூட்டர், டி.வி. போன்றவற்றின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்ட்டர் இருக்கும். அது எடுக்கும் துளிக் கரன்ட்டை எர்த் வயர் வழியாக வெளியே தள்ளும். எர்த் இல்லாவிட்டால் அது மெஷினின் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும். கரன்ட் மிகக் குறைவு, அதனால் 'சுர்' என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் உள்ளே ஒரு வயர் உரிந்து உடம்பில் பட்டுவிட்டால்? அதைத் தடுக்க அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. 'சுர்' என்பது தொந்தரவு இல்லை, எச்சரிக்கை. நாலு வருஷமாக ஒரு வீடு எச்சரித்துக்கொண்டிருந்தது. அது பெண்ணின் விரலுக்குத் தெரிந்தபோது யாருக்கும் காது கேட்கவில்லை.

"நாளைக்கே குழி வெட்டிருவோம்" என்றார் அண்ணாச்சி. மருமகனைப் பார்த்து அல்ல, மனைவியைப் பார்த்து.

நாலாம் கட்ட அகழாய்வு

மறுநாள் காலையில் வீட்டுக்குக் கிழக்கே, சுவரில் இருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வேலை தொடங்கியது. வெம்பக்கோட்டையில் யார் மண்ணைத் தோண்டினாலும் தெரு கூடிவிடும். ஊர் மேட்டில் 2022-ல் தொடங்கி மூன்று கட்டமாகத் தொல்லியல் துறை தோண்டி, சங்கு வளையலும் பாசிமணியுமாக எடுத்த பிறகு, குழி என்றாலே ஊருக்கு ஒரு ஆவல்.

"என்ன அண்ணாச்சி, நாலாம் கட்ட அகழாய்வா? தங்கம் கிடைச்சா சொல்லுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் இருக்கும்வரை மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் காய்ந்து கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். அப்போது குழிக்குள் நிற்கும் குழாயைவிட்டே மண் விலகிவிடும். மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த் கோடையில் இல்லாமல் போவது இப்படித்தான். அதனால் ஆழமாகப் போக வேண்டும்.

இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாய். அதன் உடம்பெல்லாம் துளைகள். சுற்றிலும் ஒரு அடுக்கு மரக்கரி, ஒரு அடுக்கு உப்பு, மறுபடி கரி என்று நிரப்பிக்கொண்டே வந்தார்கள். கரியும் உப்பும் ஈரத்தைப் பிடித்து வைத்து, குழாயும் மண்ணும் ஒன்றையொன்று விடாமல் பார்த்துக்கொள்ளும். தலைமாட்டில் தண்ணீர் ஊற்ற ஒரு புனல், சுற்றிச் சின்ன செங்கல் தொட்டி, மேலே மூடி. உப்பு நாளடைவில் இரும்பைத் தின்னும் என்பதால் சில வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று மருமகன் சொல்லிவைத்தான். உப்பே வேண்டாம் என்பவர்களுக்குப் பெண்டோனைட் களிமண் நிரப்பும் முறையும் இருக்கிறது.

ஆலைகளுக்குக் கொண்டுபோகும் எர்த் மெக்கரைக் கொண்டுவந்து, தள்ளித் தள்ளி இரண்டு கம்பிகளை அடித்துச் சோதித்தான். 4 ஓமுக்குக் கீழே காட்டியது. "5-க்குள்ள இருந்தா வீட்டுக்கு நிம்மதி" என்றான். அங்கிருந்து பச்சை வயர் மெயின் போர்டுக்குப் போனது. மெயின் போர்டில் இருந்து ஒவ்வொரு மூன்று துளை பாயின்ட்டுக்கும் தனித்தனியாகப் பச்சை வயர் போனது. விரல் நீள வயர்களை எல்லாம் பிடுங்கி ஒரு காகிதத்தில் வைத்துக் காட்டினான். மொத்தம் ஒன்பது.

எர்த் மட்டும் போதாது என்று ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினான். ஏன் போதாது? குழி காய்ந்து 50 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெஷினின் உடம்பில் ஃபேஸ் பட்டால், 230-ஐ 50-ஆல் வகுத்து 5 ஆம்பியருக்கும் குறைவான கரன்ட்தான் மண்ணுக்குப் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. மெஷின் உடம்பிலோ ஆளைக் கொல்லும் கரன்ட் நிற்கும். ஆர்.சி.சி.பி. வேறு கணக்குப் பார்க்கும். ஃபேஸில் போனது அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறினாலும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மொத்தத்தையும் அணைத்துவிடும். மண்ணுக்குள் இருப்பது குழி, வாசலில் நிற்பது காவலாளி. ஒரு வீட்டுக்கு இரண்டும் வேண்டும்.

மிச்சம் இருந்த முனகல்

சாயங்காலம் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்கள். முனகல் பெருமளவு குறைந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் ஓடினாலும் மோட்டார் ஓடினாலும் இப்போது ஏறுவதில்லை. ஆனால் முழுசாகப் போகவில்லை. காதை ஸ்பீக்கரில் வைத்தால் தூரத்தில் யாரோ முணுமுணுப்பது போல.

வீட்டுக்கு இப்போது ஒரு நல்ல எர்த் இருக்கிறது. கேபிள்காரருக்கு அவருடைய எர்த் தெருக்கோடியில் இருக்கிறது. இரண்டு எர்த் இருக்கிறவரை நடுவில் கொஞ்சம் பேச்சுவார்த்தை நடக்கத்தான் செய்யும். கேபிள் பெட்டி, டி.வி., ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர் எல்லாவற்றையும் ஒரே போர்டில் இருந்து எடுத்தான் மருமகன். டி.வி.யில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போன ஆடியோ வயரை எடுத்துவிட்டு ஆப்டிகல் கேபிள் போட்டான். அதில் சத்தம் வெளிச்சமாகப் போகிறது. செம்பு இல்லை, அதனால் எர்த்தும் எர்த்தும் சந்திக்க வழியில்லை. ஆப்டிகல் வசதி இல்லாத செட்டுகளுக்கு 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி கிடைக்கிறது. அண்ணாச்சி வாங்கிய கட்டைவிரல் கேபிளின் விலையோடு பார்த்தால் அது கொசுறு.

கடைசியாக, ரெக்கார்டு பிளேயரின் பின்னால் இருந்து வரும் தலைமுடி போன்ற ஒற்றை வயர். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கும் திருகில் இறுக்க வேண்டும். ஒன்றரை வருஷமாக அது அலமாரிக்குப் பின்னால் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கினான். மிச்சமும் நின்றது.

உங்கள் வீட்டிலும் ஸ்பீக்கர் முனகுகிறதா?

மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை உடைத்துவிட்டாலோ, இரண்டு முள் அடாப்டரில் செருகினாலோ முனகல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். சில நேரம் உண்மையிலேயே போய்விடும். அதுதான் ஆபத்து. அந்த முள் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதே, செருகும்போது முதலில் தொடவும் பிடுங்கும்போது கடைசியாக விடவும்தான். பாதுகாப்பைக் கொடுத்து மௌனத்தை வாங்க வேண்டாம்.

முனகல் எப்போது கூடுகிறது என்று கவனியுங்கள். டி.வி. கேபிளை உருவினால் குறைந்தால், அது லூப். ஃபேன் வேகத்தையோ விளக்கின் வெளிச்சத்தையோ குறைக்கும்போது கரகரத்தால், எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரின் இரைச்சல். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால், அது பழைய சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம்; சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு அந்தத் தொல்லை குறைவு.

எர்த் குழி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கோடையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் அதற்கும் ஊற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். போர்டைத் திறக்கிற வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். இடி மின்னல் நேரத்தில் ஆடியோ செட், டி.வி., கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கி வைப்பதுதான் நல்லது. வீட்டு எர்த் இடிதாங்கி ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வீட்டில் யாராவது 'சுர்ருங்குது' என்று சொன்னால் செருப்பைக் காட்டாதீர்கள். அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

அன்று ராத்திரி அண்ணாச்சி அட்டைப்பெட்டியில் தேடி ஒரு ரெக்கார்டை எடுத்தார். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்'. முள்ளை வைத்தார். தூசி வெடிக்கிற சின்னச் சத்தம். அதன் பிறகு, பாட்டு தொடங்குவதற்கு முன்னால், ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருஷமாக அவர் காசு கொடுத்துத் தேடிய அந்த ஒன்றுமில்லாமை. அதற்குள் இருந்து வி.எஸ்.நரசிம்மனின் வயலின் எழுந்து வந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்பக்கம் வாஷிங் மெஷின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து, "ஏம்மா, இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தது.

வயலினைவிட அது நன்றாகக் கேட்டது.